கத்தரி சாரின் நாலு வரி

முதலில் பெயர்களை அடிக்கிறார். அடுத்து தெருவை. அடுத்து, எங்கிருந்து தெரிந்தது, யார் சொன்னது என்று மோப்பம் பிடிக்க உதவும் எதையும். சிவப்புப் பேனா, மர ஸ்கேல். அடித்த சொல்லின் மேல் இன்னொரு கோடு போட்டு, தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். எழுத்து தெரிந்தால் மூன்றாவது கோடு. பதினைந்து வரியாக வந்த உளவுத் தகவல் நாலு வரியாக மெலிந்ததும் அதைத் தட்டச்சு செய்து, மூலத்தாளை இழுப்பறையில் வைத்துப் பூட்டி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு மணியை அடிப்பார்.

மணி எனக்கும், பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஆம்புலன்ஸ் துறை அம்மாவுக்கும். நான் தீயணைப்புத் துறை. மணி அடிப்பவர் போலீஸ். குண்டு, மிரட்டல் என்று எது வந்தாலும் மூன்று துறையும் உடனுக்குடன் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மேலிடம் பெரிய மனது பண்ணி ஒதுக்கிய அறை இது. பகிர்வதற்கென்றே கொடுத்த அறையின் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பையும் போட்டார்கள். முழுத்தாளைப் பார்க்க அவருக்கு மட்டும் அனுமதி. எங்களுக்கு வெட்டியது போக மிச்சம். அதனால்தான் கத்தரி சார் என்று பெயர் வைத்தோம். அது அவருக்கும் தெரியும். "கூப்பிட்டுட்டுப் போங்க. ரம்பம்னு வைக்காம விட்டீங்களே" என்பார், சிரிக்காமல்.

வார இதழைக்கூடப் பேனாவோடுதான் படிக்கிறார். ஒரு சிறுகதையில் முழுப் பக்கத்தை அடித்துவிட்டு, "இது இல்லாமலே கதை நிக்குது பாருங்க" என்று காட்டினார். உண்மையிலேயே நின்றது. அதுதான் எனக்கு எரிச்சல்.

அவர் மறந்துவிட்டு வந்த மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க ஒருநாள் அவர் மனைவி வந்தார். வாசலில் நின்றபடியே எங்களிடம் கொட்டித் தீர்த்தார். "இங்கயாவது நாலு வரி. வீட்ல அதுவும் கிடையாது. கடைக்குப் போலாம்னா சில நாள் மட்டும் இவருக்கு முட்டி வலிக்கும். டாக்டர்கிட்ட காட்டினா முட்டியில ஒண்ணுமே இல்லைங்கறார். இப்பல்லாம் முட்டி வலின்னு சொன்னாப் போதும், நானே பொண்ணுக்குப் போன் போட்டு, இன்னிக்கு வெளிய போகாதடின்னு சொல்லிடறேன்." கத்தரி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஆரம்பத்தில் அவர் இவ்வளவு வெட்டியதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்பு எங்களுக்கு ஏறக்குறைய முழுத்தாளே வரும். எங்கள் நிலையத்தில் ஒருவர் அதைப் படம் எடுத்து, அந்தப் பக்கம் போகாதே என்று மனைவிக்கு அனுப்பினார். மனைவி தன் அக்காவுக்கு, அக்கா குடியிருப்புக் குழுவுக்கு. சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்துவிட்டது. குண்டு வைக்கிற கும்பலுக்குள் இருந்துகொண்டு போலீசுக்குச் சொன்ன ஆளை மூன்றாம் நாள் கால்வாயிலிருந்து எடுத்தார்கள். அந்த ஆளை முதன்முதலில் பேசிப் பழக்கியவர் கத்தரி சார்தான். அடையாளம் காட்டவும் அவரே போனார். "என்னை மாமான்னு கூப்பிடுவான்" என்றார், திரும்பி வந்து. மறுநாள் ஸ்கேல் வாங்கினார்.

அடுத்த வருடம் பேருந்து நிலையம். முதல் குண்டு வெடித்து, உதவிக்கு ஆட்கள் ஓடி வந்ததும் வெடிக்கிற மாதிரி இன்னொன்று வைத்திருக்கிறார்கள் என்பது மூலத்தாளின் கடைசி வரி. கும்பலில் அது தெரிந்தவர்கள் மூன்றே பேர். வரி வெளியே போனால் சொன்னது யார் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அடித்தார். அடிக்கலாமா என்று மேலே கேட்டும் இருந்தார். பதில் வருவதற்குள் எங்கள் வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டாவது குண்டில் போனது இரண்டு தீயணைப்பு வீரர்கள், ஒரு ஆம்புலன்ஸ் நர்ஸ். வீரர்களில் ஒருவன் என் தங்கை கணவன்.

விசாரணையில் இரண்டு தாளையும் அருகருகே வைத்துப் படித்தார்கள். "வெட்டினது நான்தான்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். விதிப்படி நடந்தார் என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். ஒரு வருடம் நான் அவரோடு பேசவில்லை. மணி அடிக்கும், போய் எடுத்துக்கொண்டு வருவேன். மாற்றல் கேட்டேன், தரவில்லை. அவரும் கேட்டாராம், தரவில்லை. "இன்னும் அந்த ஆள் பக்கத்துலதான் உக்காந்திருக்கியாண்ணா?" என்று தங்கை கேட்கும்போது, ஆமாம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரிப்பேன்.

இப்போது பேசுகிறோம். டீ நேரத்தில் மழையையும் அவருடைய பல்வலியையும் பற்றி. மன்னிப்பு என்று அவர் வாய் திறந்ததில்லை. திறந்திருந்தால் நான் கை ஓங்கியிருப்பேன். ஒரே ஒரு தடவை டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வரியை விட்டு வெச்சா அங்க ஒருத்தன் போறான். வெட்டினா இங்க போறாங்க. என் நாற்காலியில நீங்க இருந்தா எதைச் செய்வீங்க?" ஆம்புலன்ஸ் அம்மா, டீ ஆறிப்போகிறது என்றார்.

போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஒரு வணிக வளாகத்தின் அடித்தளத்தில் கேட்பாரற்ற பை கிடப்பதாகச் செய்தி. எங்கள் வண்டி கிளம்பிவிட்டது, பின்னாலேயே ஆம்புலன்ஸ். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்தரி சாருக்குத் தாள் வந்தது. வழக்கத்தைவிட வேகமாக அடித்தார். கடைசியில் ஒரு வரிக்கு ஸ்கேலை வைத்தவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு அதையும் அடித்தார்.

மணி அடிக்காமல் தானே எழுந்து வந்தார். நான் ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையால் தாளை வாங்கினேன். சந்தேகப் பை, போலீஸ் நிபுணர்கள் வருகிறார்கள், மற்றவர்கள் தயாராக இருக்கவும். அதே நாலு வரி. போனில் வண்டித் தலைவன், "அண்ணே, வாசலுக்கு வந்துட்டோம். இறங்கட்டுமா?" என்றான்.

தாளை இழுத்தேன். வரவில்லை. மறுமுனையை அவர் பிடித்திருந்தார்.

"சார், இன்னும் ஏதாவது இருக்கா?"

"குடுக்கறதுக்கு இவ்வளவுதான் இருக்கு." குரலில் எந்த மாற்றமும் இல்லை. மறுபடி இழுத்தேன். கட்டைவிரல் நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்திப் பிடித்திருந்தார்.

"அண்ணே, இறங்கவா?"

"இறங்காதே" என்றேன். "வண்டியைத் திருப்பு. தெருவைத் தாண்டிப் போய் நில்லு. ஆம்புலன்ஸையும் கூட்டிட்டுப் போ."

"யாருண்ணே சொன்னது?"

"நான் சொல்றேன். போடா!"

வண்டி பின்னால் நகரும் சத்தம் போனில் கேட்ட பிறகுதான் அவர் விரல்கள் தாளை விட்டன.