பத்தாம் எண் வீட்டுக் கூரை

புகேல்வா அக்கா தன் மாமனார் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. தென்னாப்பிரிக்காவில் எங்கள் கோசா இன வீடுகளில் மருமகளாக வந்தவள் சொல்லக் கூடாது. புருஷனின் அண்ணன்மார் பெயர்களும் அப்படித்தான். எங்கள் கூரைகளில் தொலைபேசிப் பேச்சைக் கடத்தும் ரவுட்டர் பெட்டிகளை மாட்டியவர்கள் ஒவ்வொன்றுக்கும் வீட்டுத் தலைவரின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். பெட்டிகளைப் பராமரிக்கும் வேலை, சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அக்காவான அவருக்கு. ஊரில் பாதிப் பேர் புகுந்த வீட்டுச் சொந்தம். எந்தப் பெட்டி கெட்டது என்று சொல்லக்கூட அவருக்கு வாய் வராது.

பெட்டிகளுக்கு ஐ.பி. முகவரி என்று எண்களும் உண்டு என்று தெரிந்தபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. கடைசி எண்ணைச் சொல்லியே வீடுகளைக் கூப்பிட ஆரம்பித்தார். அவர் வீடு பத்து. எங்கள் வீடு இருபத்தேழு. "எண்ணுக்கு மாமனார் கிடையாது," என்பார். நாளடைவில் ஊரே அப்படிக் கூப்பிட்டது.

பத்து மலை முகட்டில் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். வெளியுலகத்துக்கான ஒரே வாசல், கேட்வே, அங்கேதான். இந்தப் பக்கப் பள்ளத்தில் நாங்களும் மருத்துவ நிலையமும்; பத்தின் கூரையைத் தாண்டித்தான் எங்களுக்கு வழி. செல்போன் கோபுரம் எங்களுக்கு எட்டாது. புதிதாக வருகிறவர்களிடம் அக்கா சொல்வார்: "பேச்சு முழுசா வராது, துண்டு துண்டா வரும். அது பாக்கெட். ஒவ்வொரு துண்டு மேலயும் போற எண் இருக்கும். ரவுட்டர் அதைப் பாக்கும். தன் வீட்டுக்குன்னா உள்ள விடும். இல்லன்னா பிரிக்காம அடுத்த கூரைக்குத் தள்ளிடும்."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கான விண்ணப்பமும் அக்காவின் கூரையைத் தாண்டித்தான் போனது.

அவர் கணவர் சொலோம்சி தங்கச் சுரங்கத்திலிருந்து நெஞ்சு நிறையத் தூசியோடு திரும்பியவர். ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார். சொலோம்சியின் அண்ணன் ம்தெதெலேலி வந்தார். தொலைக்காட்சியைப் போர்வையால் மூடினார், கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பினார், கூரைப் பெட்டிக்கு மின்சாரம் போகும் வயரைக் கழற்றினார். அடக்கம் முடியும்வரை சாவு வீட்டில் எந்தக் கருவியும் பேசக் கூடாது. தூரத்துச் சொந்தங்கள் வந்து சேராமல் அடக்கமும் கிடையாது. அக்கா முறைப்படி தரையில் மெத்தை போட்டு, தலையோடு போர்வை மூடி உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பள்ளத்தில் எல்லாம் நின்றுபோனது. மருத்துவ நிலைய நர்ஸ் என்னைத் தேடி வந்தார். நிறைமாதக்காரி ஒருத்தி படுத்திருக்கிறாள், சிக்கலானால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லை என்றார். நான் மலையேறினேன்.

மாட்டுக் கிடை ஓரம் உட்கார்ந்திருந்த ம்தெதெலேலி, நான் சொல்லி முடிக்கும்வரை தலையைத் தூக்கவில்லை. "எங்கம்மா என்னைப் பெத்தப்போ எந்தப் பெட்டி இருந்துச்சு?"

"மொத்தம் எத்தன பேரப் பெத்தாங்க பெரியப்பா? அதுல எத்தன பேர் வளர்ந்தீங்க?"

"பட்டம் வாங்கினா நாக்கும் நீளும்போல," என்றார்.

வீட்டுத் தொலைபேசியின் வயரை மட்டும் பிடுங்கிவிட்டால் பெட்டி அடுத்தவர் பாக்கெட்டைக் கடத்துவதோடு சரி, வீட்டுக்குள் சத்தமே வராது என்று விளக்கினேன். அதை அவர் தள்ளிவிடவில்லை. ஆனால் அவருக்கு வேறு கணக்கு இருந்தது. அக்காவின் ஒரே மகன் லுவாண்டிலே மீன்பிடிக் கப்பலில் இருந்தான். அடக்கத்துக்கு வர முடியாது. அன்றைக்கு ஒருமுறை அவன் அழைப்பு மட்டும் வீட்டுக்குள் ஒலிக்க முன்னோரிடம் மன்னிப்புக் கேட்பதாக இருந்தார்.

"முறை மீறினதுக்கு ஒரு மன்னிப்புத்தான் கேக்கலாம். பையன் குரலா, உன் பெட்டியா? நான் சொல்ல மாட்டேன். தாய் அவ. அவளக் கேளு."

வாசலோரம் உட்கார்ந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போர்வைக்குள்ளிருந்து கேட்டார்:

"படுத்திருக்கறது யாரு?"

"இருபத்திரெண்டு வீட்டு மருமக, அக்கா."

பிறகு வந்த குரலை நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது. "ஃபோன் வயரப் பிடுங்கிடு. கூரைப் பெட்டிக்குக் கரண்ட் குடு. பத்து இப்ப வழி மட்டுந்தான்."

ம்தெதெலேலி எழுந்து, முன்னோரோடு பேசும் இடமான கிடைக்குள் போய்த் தாழ்ந்த குரலில் முன்னோரிடம் பேசினார். நான் கூரையேறினேன்.

அடக்கத்தன்று நான் மேலே போகவில்லை. லுவாண்டிலேயும் நானும் ஒரே பருவத்தில் விருத்தசேதனச் சடங்கு முடித்து ஆண்களான தோழர்கள். பத்து எடுக்காவிட்டால் அடுத்து இருபத்தேழைத்தான் கூப்பிடுவான். கூப்பிட்டான். அம்மா எங்கே என்றான். மெத்தையில் என்றேன். முகட்டிலிருந்து பாட்டு காற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தது. தொலைபேசியின் வயர் எட்டும் மட்டும் வாசலுக்குக் கொண்டுபோய் வெளியே நீட்டிப் பிடித்தேன். பாட்டு ஓய்ந்தபின் காதில் வைத்தால் அழுதுகொண்டிருந்தான். கொஞ்சம் பேசினான். இணைப்பு போய்விட்டது.

சில நாள் கழித்து அக்காவைப் பார்க்கப் போனேன். துக்கக் கறுப்பு உடுத்தியிருந்தார்.

"இருபத்திரெண்டு வீட்டுல என்ன கொழந்த?"

"பொண்ணுக்கா. ஆம்புலன்ஸ் வந்து தூக்கிட்டுப் போச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

தலையசைத்தார். "அவன் கூப்பிட்டானா?"

"எங்க வீட்டுக்குக் கூப்பிட்டான்."

அக்கா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் பள்ளத்துக்கு வேறு வழி கிடையாது என்று அவருக்குத் தெரியாததா?

"அப்ப என் தலைக்கு மேலதான் போயிருக்கான்," என்றார்.

அவன் என்ன பேசினான் என்று அவர் கேட்கவில்லை. இருபத்தேழுக்கு வந்த பேச்சு அது; பத்து அதைப் பிரிக்காது.