ஸ்கந்தராஜாவின் சனிக்கிழமைகள்

வாரத்தில் ஆறு நாள் ஸ்கந்தராஜா சாதாரண ஓய்வூதியக்காரன். காலையில் பேப்பர், அப்புறம் மனைவி விமலாதேவி சொல்லும் சாமானை வாங்கப் பாசார், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் செடிக்குத் தண்ணீர். பொதுப்பணி இலாகாவில் இஞ்சினியராக இருந்து பேராக் மாநிலம் முழுக்கப் பாலம் கட்டியவன். இப்போது வீட்டுக் குழாய் ஒழுகினால்கூட ஆள் கூப்பிடுகிறான். சனிக்கிழமை மட்டும் அந்த ஆளே வேறு. சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவைத் துடைத்து, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி என் வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடிப்பான்.

நான் லூர்துசாமி. டெலிகோமில் போன் வயர் இழுத்துக் காலம் தள்ளியவன். எங்கள் இருவருக்கும் பறக்கிற பைத்தியம் ஒரே சமயத்தில்தான் பிடித்தது. ஈப்போ விமான நிலையத்தின் ஓரத்தில் இருக்கும் கிளப்பில் சேர்ந்து, ஒரே வாத்தியாரிடம் திட்டு வாங்கி, ஒன்றாக லைசென்ஸ் எடுத்தோம். பிறகு எனக்கு இனிப்பு நீர் வியாதி வந்தது, டாக்டர் என்னைத் தரையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். இப்போது அவன் ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்கிறேன். கிளப்பின் பழைய விமானத்தில் இரண்டே இருக்கை. எங்கள் இரண்டு தொப்பையும் உள்ளே போன பிறகு கதவைச் சாத்த வெளியிலிருந்து யாராவது ஒரு தள்ளு தள்ள வேண்டும்.

அந்தப் பக்கத்து இருக்கை ஒரு காலத்தில் அவன் மகள் அனுஜாவுடையது. ஸ்டியரிங் எட்டாத வயதிலேயே தலையணை போட்டு உட்கார வைத்து மேலே கொண்டுபோவான். மற்ற பிள்ளைகள் டியூஷனுக்குப் போன நேரத்தில் அவள் ஈயம் தோண்டிய பழைய குட்டைகளை எண்ணிக்கொண்டு பறந்தாள். பள்ளி முடிந்ததும் பைலட் ஆகப் போகிறேன் என்றபோது, சொந்தபந்தம் எல்லாம் டாக்டருக்குப் படிக்க வை என்று குதித்தது. இவன் ஒற்றை ஆளாக எதிர்த்து நின்றான். அவள் கம்பெனி விமானத்தில் துணை பைலட்டாகச் சேர்ந்த அன்று கிளப்பில் இருந்த அத்தனை பேருக்கும் வெள்ளைக் காப்பி வாங்கிக் கொடுத்தான். அன்றைக்கு அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அப்படிப்பட்ட மகளைத்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டை விட்டு அனுப்பினான். காரணம் ஜோனதன். விமான மெக்கானிக், தங்கமான பையன், ஜொகூரில் வேலை. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன், என்னைப் போல வேதக்காரன். அனுஜா அவனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். ஸ்கந்தராஜா யாழ்ப்பாணத்துப் பரம்பரையை எல்லாம் கிளறி எடுத்து, "எங்கட குடும்பத்தில தோட்டத்து ஆக்களோட சம்பந்தம் இல்லை, நீ போனா போனதுதான், இனி உன்ர பேரும் இந்த வீட்டில வேண்டாம்" என்று கத்தினான். கத்தியது என் முன்னால். என் அப்பா சிலிம் ரிவர் பக்கம் பால்மரம் சீவியவர். நான் குடித்துக்கொண்டிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவன் மூஞ்சியிலேயே முழிப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு கூடை மங்குஸ்தீன் பழத்தோடு வாசலில் வந்து நின்றான். மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் இல்லை. "பறக்க வாறியா?" என்றான். தனியாக உட்கார முடியவில்லை போலிருக்கிறது. முழுசாக மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் போனேன். அது ஒரு சனிக்கிழமை.

மேலே போனதும்தான் விஷயம் தெரிந்தது. விமான நிலையத்துக்குக் கிட்டே பறக்கிற எல்லாரும் ஒரே அலைவரிசையில்தான் கட்டுப்பாட்டு டவரோடு பேச வேண்டும். ஒருத்தர் பேசுவது அத்தனை பேர் காதிலும் விழும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் சும்மா இருந்தேன். திடீரென்று ஒரு பெண் குரல், ஆங்கிலத்தில், ஜொகூரிலிருந்து வருகிறோம், இறங்க அனுமதி வேண்டும் என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுஜா! திரும்பிப் பார்த்தால் இவன் நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறான். கண் மட்டும் நிறைந்திருந்தது.

"டேய், அது நம்ம அனுஜா லா!"

"தெரியும். காதைப் பொத்திக்கொண்டா வந்தனான்?" என்றான்.

அன்று தொடங்கியது. அவள் விமானம் வரும் நேரத்துக்கு நாங்கள் மேலே இருப்போம். அவள் இறங்கி, ஆளை இறக்கி ஏற்றி, மறுபடியும் ஜொகூருக்குக் கிளம்பும் வரைக்கும் சுண்ணாம்பு மலைகளைச் சுற்றிக்கொண்டிருப்போம். மொத்தம் பத்துப் பன்னிரண்டு வாக்கியம் பேசுவாள். காற்று, உயரம், ஓடுபாதை, அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் இந்த மனுஷன் வாரம் முழுக்கக் காத்திருந்தான். "இண்டைக்குக் குரல் கம்மிக் கிடக்கு, பிள்ளைக்குத் தடிமன்" என்பான். "இண்டைக்குச் சந்தோசமா இருக்கிறாள்" என்பான். ஓடுபாதை நம்பரைச் சொல்வதில் என்ன சந்தோஷத்தைக் கண்டானோ, பெத்த வயிறு மட்டும்தான் தவிக்கும் என்று யார் சொன்னது?

அவள் அலைவரிசையில் இருக்கும்போது இவன் வாயைத் திறக்க மாட்டான். டவர் கேட்டால் மட்டும் இரண்டு சொல்.

"ஒரு போன் போட்டுப் பேசேன்டா மச்சான். விமலா அக்காவே தினம் பேசுறாங்க. நம்பர் என்னா, சந்திர மண்டலத்திலயா இருக்கு?" என்று நான் எகிறுவேன்.

"எந்த முகத்தோட கதைக்கிறது? நான் சொன்ன சொல் அப்படி."

"அப்ப ரேடியோவுல பேசு."

"அது கதைக்கிற இடமில்லை லூர்து. சட்டம் இருக்கு."

சட்டமாம்! இப்படி ஒரு அழுத்தக்காரனை நான் பார்த்ததே இல்லை. அவள் போன பிறகு சில நாள் விமானத்தைத் தெற்கே திருப்புவான். காம்பாரைத் தாண்டி, பீடோர் வரை போவான். கீழே எல்லாம் எண்ணெய்ச் செம்பனை, ரப்பர் இருந்த அடையாளமே இல்லை. ஒரு வட்டம் அடித்துவிட்டு மெதுவாகக் கேட்பான்: "அந்தப் பொடியன்ர ஆக்கள் எந்தப் பக்கம் இருந்தவை?" எனக்கும் தெரியாது. நான் பாட்டுக்கு ஏதாவது ஒரு மூலையைக் காட்டுவேன். அவன் அந்த மூலையையே பார்த்துக்கொண்டு இருப்பான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வானம் கழுவி விட்டது போல இருந்தது. அவள் வந்து இறங்கியாயிற்று. நாங்கள் பத்து காஜா ஊர்ப் பக்கம் குட்டைகளுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தோம். அலைவரிசையில் எங்களைத் தவிர கிளப்பின் வாத்தியாரம்மா பமேலா மட்டும் இருந்தாள், காம்பார் பக்கமிருந்து புது விமானத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். அனுஜாவின் விமானம் ஓடுபாதை முனையில் வந்து நின்றது. டவரில் இருந்த மலாய்க்காரர் கிளம்ப அனுமதி கொடுத்துவிட்டு, வழக்கத்துக்கு மாறாக இன்னொன்றும் சொன்னார். இன்றோடு ஈப்போவுக்குக் கடைசி என்று கேள்விப்பட்டேன், டோஹாவில் நல்லபடியாக இருங்கள்.

"நன்றி டவர். அடுத்த வாரம் கணவரோடு கிளம்புகிறேன். ஈப்போவை மறக்க மாட்டேன்" என்றாள், அதே ஆங்கிலத்தில்.

ஸ்கந்தராஜாவுக்கு அதுதான் முதல் செய்தி. வீட்டில் அவள் பேரை எடுக்கக் கூடாது என்று இவன்தானே சொல்லி வைத்தான், விமலா அக்கா எப்படிச் சொல்லுவார்? விமானத்தின் மூக்கு கொஞ்சம் இறங்கியது. நான் பயந்துபோய், "ஸ்கந்தா, பிடி!" என்றேன். பிடித்துக்கொண்டான். கீழே அந்தப் பெரிய விமானம் ஓடி, எழும்பி, எங்களுக்குக் கிழக்கே வெள்ளையாக ஏறிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. கொஞ்சம் உயரம் போனதும் டவர் அவளைக் கோலாலம்பூர் அலைவரிசைக்கு மாறச் சொல்லும். மாறினால் முடிந்தது, எங்கள் பழைய விமானத்தில் இருப்பது ஒரே ரேடியோ, அது டவரை விட்டு மாறக் கூடாது.

"பேசுடா!" என்று கத்தினேன். "சட்டம் நாசமாப் போவட்டும், பேசுடா!"

கட்டைவிரல் பட்டன் மேலேயே இருந்தது, அமுக்கவில்லை. டவர் அவளுக்குப் புது அலைவரிசையைச் சொன்னது. அவள் அதைத் திருப்பிச் சொல்லி, "குட் டே, ஈப்போ" என்றாள். அப்போதுதான் அமுக்கினான்.

"அனுஜா... பிள்ளை, அப்பா கதைக்கிறன்."

ஒரு பதிலும் இல்லை. இரைச்சல்தான். பிறகு டவர் கேட்டது: அழைத்தது யார், மறுபடியும் சொல்லுங்கள்.

மாதாவே, அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆத்திரம்! மூன்று வருஷம் ஊமையாக இருந்தவன் வாயைத் திறக்கிறான், கேட்பது அந்த மலாய்க்காரர். ஸ்கந்தராஜா பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டான். அவனுக்காக நானே அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்போது பமேலாவின் குரல் வந்தது. சட்டம் தெரிந்தவள், ஆனாலும் தமிழிலேயே பேசினாள்.

"ஸ்கந்தா அங்கிள், அவங்க மாறிட்டாங்க. எங்கிட்ட ரெண்டு ரேடியோ இருக்கு. என்னா சொல்லணும்னு சொல்லுங்க, நான் சொல்லிடுறேன்."

எட்டாத விமானத்துக்கு இன்னொரு விமானம் சேதி கடத்துவது பைலட்டுகளுக்குள் இருக்கும் வழக்கம்தான். மழை எங்கே, மேகம் எங்கே என்று கடத்துவோம். இப்படி ஒரு சேதியை யாரும் கடத்தியிருக்க மாட்டார்கள். ஸ்கந்தராஜா என்னைப் பார்த்தான். நான் அவன் விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தேன்.

"சொல்லுங்கோ..." என்று பட்டனை அமுக்கினான். "அவளின்ர அப்பா ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்க மேலதான் இருந்தவர். அவள் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர். பிழை அவரிலதான். அவ்வளவும் சொல்லுங்கோ."

"சரி அங்கிள்."

டவர் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மலாய்க்காரருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் ஏதோ புரிந்திருக்க வேண்டும், நல்ல மனுஷர். நாங்கள் ஒரு வட்டம் அடித்தோம், இன்னொரு வட்டமும் அடித்தோம். அவள் விமானம் கண்ணுக்குச் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் எனக்குத் தெரியவே இல்லை. அவன் மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

பமேலா எங்கள் அலைவரிசைக்குத் திரும்பி வந்தாள். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

"அங்கிள், அவங்களுக்குத் தெரியுமாம். மொத வாரமே ஒங்க கொரலைக் கண்டுபிடிச்சிட்டாங்களாம். அதுக்காகத்தான் சனிக்கிழமை ஈப்போ டிரிப்பைக் கேட்டுக் கேட்டு வாங்கினாங்களாம்."

ஸ்கந்தராஜா நன்றி சொல்லக்கூடப் பட்டனை அமுக்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதான்.

"நான் வாயைத் திறப்பன் எண்டு சனிக்குச் சனி வந்து பார்த்திருக்கிறாள், லூர்து" என்றான். "மூண்டு வருசம் வந்து பார்த்திருக்கிறாள்."

நான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். டவர் எங்களை இறங்கச் சொன்னது.