கோரல் கட்டாத பலூன்

வில்கரா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பிள்ளைகள் கடப்பதற்காக இருபத்தாறு வருடமாக ரோட்டை நிறுத்துகிறவள் கோரல் ஹாட்ரிக். கையில் நீண்ட கம்பு, அதன் தலையில் 'நில்' என்று எழுதிய வட்டப் பலகை. அவள் அதைத் தூக்கிப் பிடித்தால் கோதுமை லாரிகூட மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும். பலகை குச்சி மிட்டாய் மாதிரி இருப்பதால் இந்த வேலை பார்ப்பவர்களுக்கு நாடு முழுக்க லாலிபாப் லேடி என்றுதான் பெயர். இத்தனைக்கும் கோரல் தன் ஆயுளில் ஒரு பிள்ளைக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தது கிடையாது.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருடம் பீச் பழத்தை டப்பாவில் அடைக்கிற ஆலையில் கத்தி பிடித்தவள். ஆலை மூடியது, கணவன் டெஸ் போய்ச் சேர்ந்தது, ஒரே மகள் லியேன் பெர்த் நகரத்துக்குக் குடிபோனது எல்லாம் இரண்டே வருடத்துக்குள் நடந்தது. லியேனுக்கு இப்போது வயது ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும், பத்து நிமிடம் பேசுவாள். கோரலுக்கு என்று மிஞ்சியது அந்தப் பலகை ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் அவள் எதற்காகக் காலையில் எழுந்திருப்பாள் என்று தெரியவில்லை.

அவள் ரோட்டைக் கடக்கவிட்ட பிள்ளைகளில் ஒன்றுக்கும் முழங்கால் சிராய்த்தது கிடையாது. அதற்கு அவள் வைத்திருந்த வழி எண்ணுவதுதான். சாயங்காலம் மூன்று மணிக்கு அவள் பக்கமாகக் கடப்பது நாற்பது பிள்ளைகள். நாற்பதாவது பிள்ளை எதிர்ப்புறம் கால் வைத்த பிறகுதான் பலகை கீழே இறங்கும், பிரதமரே காரில் காத்திருந்தாலும் சரி.

ஹாலோவீன் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. வருடம் முழுக்க அவள் தொண்டை வறளச் சொல்கிறாள்: ரோட்டைப் பார், ஓடாதே, தெரியாதவர் கொடுத்ததைத் தின்னாதே. அக்டோபர் முப்பத்தொன்று வந்ததும் அதே பிள்ளைகளுக்கு அதே தாய்மார் கண்ணை மறைக்கிற முகமூடியை மாட்டி, தெரியாத கதவையெல்லாம் தட்டி மிட்டாய் கேள் என்று அனுப்பிவைக்கிறார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பது இதுதான்.

எங்கள் வேட்டில் தெருவில் இந்த விஷயத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குத் தலைவி டீகன், எட்டு வயது இண்டியின் அம்மா. வீடு வீடாகத் துண்டுச் சீட்டு போட்டவள் அவள்தான். 'பிள்ளைகள் வருவதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் தபால் பெட்டியில் ஆரஞ்சு பலூன் கட்டுங்கள். பலூன் இல்லாத வீட்டை யாரும் தட்டமாட்டார்கள்.' நல்ல ஏற்பாடுதான். எதிர்க்கட்சிக்குத் தலைவர் கோரலுக்கு எதிர்வீட்டு மெர்வின், லாரி ஓட்டி ஓய்ந்தவர். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் தன் வாசலுக்கு ஹோஸ் தண்ணீரைத் திருப்பிவிட்டுப் பந்து விளையாட்டுக் கிளப்புக்குப் போய்விடுவார். கோரல் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. பலூன் கட்டாமல் கதவைச் சாத்திக்கொள்வாள், அவ்வளவுதான்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் அவளுடைய தபால் பெட்டியில் ஒரு ஆரஞ்சு பலூன் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன லாலிபாப்பு, மனசு மாறிட்டியா?" என்று எதிர்ப்பக்கமிருந்து மெர்வின் கத்தினார்.

"நீயே கட்டிட்டு என்னைக் கேக்கிறியா?"

"நானா? எனக்கு வேற வேலை இல்லையா? அமெரிக்காக்காரன் கூத்துக்கு நம்ம தெருதான் கிடைச்சுதான்னு நானே எரிஞ்சுபோய்க் கிடக்கேன்."

கோரல் கத்தரிக்கோலை எடுத்துவந்து நறுக்கென்று வெட்டி எறிந்தாள். மறுநாள் காலையில் இன்னொன்று இருந்தது. வியாழக்கிழமையும் இருந்தது. ராத்திரி நாய் குரைக்கவில்லை, வாசல் கேட் கிறீச்சிடவில்லை. அந்தக் கேட் எண்ணெய் காணாதது, பூனை நுழைந்தாலே ஊரை எழுப்பும். தபால் பெட்டி இருப்பதோ கேட்டுக்கு உள்பக்கம். அப்படியென்றால் கட்டியவர் கேட்டுக்கு உள்ளே இருந்துதான் வந்திருக்க வேண்டும். அதை மேற்கொண்டு யோசிக்காமல் டீ போட உள்ளே போய்விட்டாள்.

அதே வாரம் கணக்கும் உதைத்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எண்ணினால் நாற்பத்தொன்று. வரிசையின் கடைசியில், எல்லோருக்கும் பின்னால், ஒரு பொடிப் பெண். தலையிலிருந்து முழங்கால் வரை வெள்ளைத் துணி, காலில் சிவப்புச் செருப்பு. ஹாலோவீன் வாரம், ஏதோ வேடம் போட்டுப் பார்க்கிறது என்று கோரல் விட்டுவிட்டாள். புதன்கிழமையும் அவள் வந்தாள். வடக்கேயிருந்து அனல்காற்று அடித்து எல்லோர் தொப்பியும் பறந்தது. அந்த வெள்ளைத் துணி மட்டும் அசையவே இல்லை.

இண்டியைக் கூட்டிப்போக டீகன் நின்றுகொண்டிருந்தாள்.

"அந்தச் சிவப்புச் செருப்புப் புள்ள யாரு டீகன்? புதுசா சேந்திருக்கா?"

"எந்தப் புள்ள?"

"இப்பத்தானே அந்தப் பக்கம் போச்சு!"

டீகன் எட்டிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் வேலி, வேலியில் கறுப்பு வெள்ளையாக ஒரு மேக்பை பறவை, வேறு ஒன்றும் இல்லை. "வெயில் ஜாஸ்தி கோரல். தண்ணி குடிச்சீங்களா?" என்றாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே எதுவும் இருளவில்லை என்பதுதான் கோரலுக்குப் பயமாக இருந்தது. பட்டப்பகல், பளிச்சென்ற வெயில், நாற்பத்தொன்று.

வெள்ளிக்கிழமை அக்டோபர் முப்பத்தொன்று. பூமியின் தென்பாதியில் இருக்கிற எங்கள் ஊரில் அப்போது வசந்தம்; சாயங்காலம் ஆறு மணிக்கும் வெயில் இறங்காது. பேய் பிசாசெல்லாம் மூக்கில் வெயில் களிம்பு தடவிக்கொண்டுதான் தெருவுக்கு வரும். கோரல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கேட் கிறீச்சிட்டது. கதவைத் தட்டவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத் திரையை விலக்கிப் பார்த்தால் கேட்டுக்கு உள்ளே ஏழெட்டுக் குட்டிப் பிசாசுகள் வரிசையாக, சத்தமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தன. பின்னால் இன்னும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள்.

கதவைத் திறந்து, "பலூன் இல்லாத வீட்டுக்கு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா இல்லையா?" என்று சீறினாள்.

சூனியக்காரித் தொப்பியைத் தூக்கி இண்டி முகத்தைக் காட்டினாள். "பலூன் இருக்கே மிஸ் கோரல்."

இருந்தது. காலையில் வெட்டிய இடத்திலேயே புதிதாக ஒன்று இருந்தது.

"நீங்கதானே வரச் சொன்னீங்க?" என்றாள் இண்டி. "வாரம் பூரா சொன்னீங்க. ஒவ்வொருத்தர் காதுலயும் தனித்தனியா சொன்னீங்க."

"நானா?"

"ஆமா. கதவைத் தட்டாதீங்க, லியேன் வர்ற வரைக்கும் கேட்டுக்கு உள்ளயே நில்லுங்கன்னு சொன்னீங்க. வெள்ளைத் துணி போட்டிருப்பா, சிவப்புச் செருப்பு. அவ கொஞ்சம் மெதுவா நடப்பா, விட்டுட்டு வந்துடாதீங்கன்னீங்க." அவள் தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "நாங்களும் நிக்கிறோம். இன்னும் வரல்லையே."

லியேன் ஏழு வயதில் பள்ளிக்கூட நாடகத்தில் தேவதையாக நடித்தாள். வெள்ளைப் படுக்கை விரிப்பை வெட்டித் தைத்த உடுப்பு. சிவப்புச் செருப்பு அவளே அடம்பிடித்து வாங்கியது. அன்று கோரலுக்கு ஆலையில் இரட்டை ஷிப்ட். போகவில்லை. பிள்ளை தனியாக நடந்து வீடு வந்தது. எந்த ரோட்டை எப்படிக் கடந்தது என்று இவள் கேட்கவும் இல்லை.

"மிட்டாய்ப் பை எங்க இருக்குன்னும் சொன்னீங்க," என்றாள் இண்டி, கொஞ்சம் பயந்துபோய். "துணி துவைக்கிற ரூமுல, பள்ளிக்கூடக் கொடி வைக்கிற பெட்டிக்குப் பின்னாடின்னு."

கோரல் தபால் பெட்டி வரைக்கும் நடந்தாள். நான்கு நாளாக அவள் வெட்டினாளே தவிர முடிச்சைப் பார்க்கவில்லை. வைக்கோல் கட்டுகிற பச்சைக் கயிறு. இடது கைக்காரி போட்ட முடிச்சு. நுனி இரண்டையும் காற்று பிரிக்காதபடி உள்ளே மடித்துச் செருகியிருந்தது. தினமும் காலையில் பள்ளிக்கூட ரோட்டின் இரண்டு கம்பத்திலும் சிவப்புக் கொடி கட்டும்போது அவள் போடுகிற முடிச்சு அது. ஊரில் வேறு யாருக்கும் அது வராது.

கொடிப் பெட்டிக்குப் பின்னால் பைகள் இருந்தன. பழுப்புக் காகிதப் பைகள், ஒவ்வொன்றிலும் மிட்டாய், ஒவ்வொன்றின் மேலும் பிள்ளையின் பெயர், அவளுடைய சாய்ந்த கையெழுத்தில். எப்போது வாங்கினாள், எப்போது உட்கார்ந்து எழுதினாள், எதுவும் நினைவில்லை. நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பார்கள். அவளுக்கு இரண்டையும் பார்க்க நேரம் இல்லை. வெளியே பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தாள். முகமூடியைத் தூக்கி முகத்தைக் காட்டினால்தான் பை. சேதி தெருத்தெருவாகப் பரவி நாற்பது பிள்ளைகளும் வந்து வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் ஒரு பை மிஞ்சியது. அதன் மேலிருந்த பெயரை யாரும் பார்க்காதபடி அதை ஏப்ரன் பைக்குள் செருகிக்கொண்டாள்.

டீகன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கு வந்தாள். "கோரல்! கடைசியில எங்க கட்சிக்கு வந்துட்டீங்களா?"

"திங்கக்கிழமையிலேருந்து பலகையை நீ புடிக்கிறியா டீகன்? ஆபீஸுல நான் சொல்லிக்கிறேன்."

"என்னாச்சு? பிள்ளைங்க ஏதாவது சொன்னாங்களா? பலூன் கட்டினதையே மறந்துட்டீங்கன்னு இண்டி சொன்னா, அதுக்கா..."

"பலூன் கிடக்கட்டும். இல்லாத புள்ள ஒண்ணு என் கண்ணுக்குத் தெரியுது. நாளைக்கு இருக்கிற புள்ள ஒண்ணு தெரியாமப் போச்சுன்னா?"

டீகனின் சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு போனது.

பிள்ளைகள் எதிர்ப்பக்கம் கடக்கக் கூட்டமாகக் கிளம்பிவிட்டார்கள், வாயில் மிட்டாய், முகத்தில் முகமூடி. மெர்வினின் பழைய டிரக் கிளப்பிலிருந்து திரும்பி முக்கில் வளைந்து வந்தது. கோரல் வாசலில் சாத்தியிருந்த பலகையை எடுத்துக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய்த் தூக்கிப் பிடித்தாள். டிரக் நின்றது. ஒவ்வொருவராக எண்ணினாள். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. இண்டிதான் கடைசி.

பலகை இறங்கவில்லை.

மெர்வின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எல்லாரும் போயாச்சு லாலிபாப்பு! எறக்கு, சாப்பாட்டுக்கு நேரமாகுது!"

"பொறு மெர்வின்," என்றாள் கோரல். அவள் பார்வை ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு, ஒரு சின்னப் பிள்ளை நடக்கிற வேகத்தில், மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. "இன்னும் ஒண்ணு இருக்கு. இது கொஞ்சம் மெதுவா நடக்கும்."

மெர்வின் காலி ரோட்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு என்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.