உத்தமபாளையத்தில் அணை மீன்

வேனில் போனவர்கள்: ஓட்டுவதற்கு நான். என் மனைவி. அவள் தம்பி, எண்ணூரில் கிரேன் ஓட்டுகிறவன்; அவனுக்காகத்தான் போனோம். என் மாமியார், காசிமேட்டில் மீன் விற்கிறவர். மாமியாரின் தம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். ஒயின் கிடைக்கும் என்று கூட வந்தவர்.

மச்சானுக்கு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது. திருவொற்றியூரில் கன்டெய்னர் ஆபீசில் வேலை. சொந்த ஊர் உத்தமபாளையம். அவள் அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டம். அவ்வளவு தூரம் கொடுக்க அவருக்கு மனசில்லை. வீட்டு ஆட்களைக் கூட்டி வா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். மதியம் சாப்பிட வரச் சொன்னார்.

காலையிலேயே ஊர் வந்துவிட்டது. நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். பழைய ஊராச்சே, பார்க்காமல் போவதா என்றாள் மனைவி. பாறையில் வரிசையாகச் சமணர் சிலைகள். நன்றாகத்தான் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று போட்டோ எடுத்தாள். மாமியார் வேனை விட்டு இறங்கவில்லை. கதவைத் திற, வெக்கை. கதவை மூடு, தூசி.

அடுத்து ஒயின். மாமியாரின் தம்பி வழியெல்லாம் விசாரித்து ஒரு கம்பெனி வாசலுக்கு என்னை ஓட்ட வைத்தார்.

"இங்க விக்கிறதில்லைங்க," என்றார் வாட்ச்மேன். "கடையில போய்க் கேளுங்க."

"மெட்ராஸ்லேர்ந்து வந்துகிறோம் நைனா. ஒரு மூடி குடு. வாசனையாவது பாக்கறேன்."

"வாசனைதானே? அந்தா, காத்து வருதுல்ல. நின்னு புடிச்சுக்கங்க."

நிஜமாகவே நின்றார். நான் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தேன்.

கல்தூண் நட்ட திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் வீடு. போய்ச் சேர்ந்தபோது இலை போட்டு ரொம்ப நேரம் ஆகியிருந்தது. பெண்ணின் அப்பா வாசலுக்கு வந்தார். "கை கழுவிட்டு உக்காருங்க," என்றார். அவரே பரிமாறினார்.

மீன் குழம்பு. பெரிய பெரிய துண்டு. "மீன்காரவுக வீடாச்சே," என்றார். "விடியறதுக்குள்ள வைகை அணைக்குப் போயி வாங்கிட்டு வந்தேன். கட்லா."

நான் மாமியாரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கடல் மீன் தவிர வேறு மீன் உள்ளே வராது. ஏரி மீன், அணை மீன் எல்லாம் சேறு என்பது மாமியார் கணக்கு. அவர் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். பயனில்லை.

"சேத்து வாடை அடிக்குது," என்றார். "இத்த எப்டி துன்றது?"

அவர் தம்பியும் துண்டை இலை ஓரம் தள்ளினார். "மோர் கீதா?" என்று கேட்டார்.

பெண்ணின் அப்பா கரண்டியோடு அப்படியே நின்றார். சமையல்கட்டு வாசலில் பெண். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. பத்து மணிநேரம் வண்டி ஓட்டி வந்தது இதற்குத்தான்.

மச்சான் தன் இலையில் இருந்ததைத் தின்று முடித்தான். "மாமா, இன்னொரு துண்டு வைங்க," என்றான். வைத்தார். அதையும் முடித்துவிட்டு மறுபடி கேட்டான்.

"டேய், முள்ளு," என்றார் மாமியார். அவன் நிமிரவில்லை.

பெண்ணின் அப்பா குழம்புச் சட்டியோடு அவன் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முள் எங்கே கவட்டையாக இருக்கும், எப்படிப் பிரிக்க வேண்டும் என்று காட்டினார். அவன் கேட்கக் கேட்க வைத்தார். நாங்கள் மோர் குடித்தோம்.

மச்சான் கை கழுவும்போது செம்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அவர் கேட்டார். "மாப்ள, வெத்தல போடுவீங்களா?"

வேனில் ஏறியதும் மாமியார் ஆரம்பித்தார். "மாப்ளன்ட்டாரு, கேட்டியா? எல்லாம் நான் வந்த நேரம்." நான் கியர் போட்டேன். பேசினால் சண்டை வரும்.

தேனி தாண்டியதும் மச்சான் என் தோளைத் தட்டினான். "மாமா, ஓரமா நிறுத்து."

இறங்கி ஓடினான். புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். வாய் கொப்பளித்தான்.

"எத்தினி துண்டுடா துன்னே?" என்றேன்.

"பதினொண்ணு."