ஒல்லாந்தர் ஊரில் பதின்மூன்று கிழமை

வழிகாட்டியின் தொழிலில் முதலில் வலிப்பது கால் என்று நினைப்பீர்கள். இல்லை, முகம்தான். காலை பத்து மணியிலிருந்து நாலு மணிவரை அது சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். டென்மார்க்கில் வேலை இழந்து, வேலைவாய்ப்பு அலுவலகமான ஜொப்சென்டர் அனுப்பிய இடத்தில் சம்பளமில்லாமல் வேலை பழகிய அன்பர்களுக்கு இந்த வலி தெரிந்திருக்கும். அந்தச் சம்பளமில்லாப் பயிற்சிக்குப் பிறக்டிக் என்று பெயர். என்னுடையது பதின்மூன்று கிழமை.

தகுதி

இருபத்திரண்டு வருடம் நான் மட்டைப்பெட்டி செய்த தொழிற்சாலை போலந்துக்குப் போய்விட்டது. நான் குடியிருந்த இஷொயிலேயே இருந்துவிட்டேன். ஜொப்சென்டரில் என் கோப்பைப் பார்த்த பெண்ணுக்கு என் மகளின் வயது. ‘உங்களைப் பற்றிச் சில வரிகள்’ என்ற இடத்தில், வேறொன்றும் தோன்றாமல், யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் பக்கத்தில் பிறந்தேன் என்று எழுதியிருந்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அமாகர் தீவில், ஒல்லாந்தர் குடியேறிய சின்ன ஊர் ஒன்றில், ஒரு பண்ணைவீட்டு அருங்காட்சியகம் இருக்கிறதாம். வழிகாட்டி தேவையாம். என்னைப் பிடித்திருந்தால் அவர்களே வேலைக்கு எடுப்பார்கள். பிடிக்காவிட்டால் விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலை. என் முதுகு பாரம் தாங்காது என்று டொக்டர் எழுதிய கடிதம் அந்தக் கோப்பில்தான் இருந்தது. அவள் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரவில்லை.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனபோது என் பாட்டனாரின் பாட்டனார்கூடப் பிறந்திருக்க மாட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் படிவத்தில் ஏதோ எழுதிக்கொண்டே சொன்னாள்: “அப்படியென்றால் உங்களுக்கு இந்த விஷயத்தோடு தனிப்பட்ட உறவு இருக்கிறது.”

விசா

ஊரின் கதை சின்னது. ஐந்நூறு வருடத்துக்கு முன் ஒரு டென்மார்க் அரசர், அரண்மனைச் சமையலுக்கு நல்ல மரக்கறி வேண்டுமென்று ஒல்லாந்துக் கமக்காரரை அழைத்து வந்தார். நிலம் கொடுத்தார். தங்களுக்குள் வழக்குப் பேச நீதிபதியை வைத்துக்கொள்ளவும் விட்டார். இதைத் தமிழிலும் சொல்கிறேன் என்று தெரிந்ததும், விருந்தாளி வந்த தமிழ் வீடுகளெல்லாம் அவர்களை என்னிடம் கூட்டிவரத் தொடங்கின.

முதல் குழுவில் ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். “தம்பி, அவையள் எந்த விசாவில வந்தவை?” என்று கேட்டார்.

“விசா இல்லை அண்ணை. ராசாவே கூப்பிட்டது.”

“குடும்பமாவோ?”

“ஓம், குடும்பமாத்தான்.”

“மொழிச் சோதினை?”

“இல்லை. கிட்டத்தட்ட முந்நூறு வருசம் தேவாலயத்தில டெனிஷ் இல்லையாம்.”

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வயலைப் பார்த்தார். பிறகு தன்னை வீட்டில் தங்க வைத்திருக்கும் மச்சானின் பக்கம் திரும்பினார். “அண்டைக்கு அகதி விசாரணையில எங்களுக்குக் கரட் நடத் தெரியுமெண்டு சொல்லாமல் விட்டது பெரிய பிழை.”

வாசல்

அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து வந்த இருபத்துநாலு பேர் பண்ணைவீட்டு வாசலில், யாரும் சொல்லாமலே, செருப்பையும் சப்பாத்தையும் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். பின்னால் வந்த டெனிஷ் தம்பதி அதைப் பார்த்துத் தாங்களும் கழற்றினார்கள். அதற்குப் பின்னால் வந்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அருங்காட்சியகப் பொறுப்பாளர் கிர்ஸ்டன் மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது வாசலில் கால் வைக்க இடமில்லை. இந்த விதியைக் கொண்டுவந்தது யார் என்று என்னைக் கேட்டார். நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மரச்சப்பாத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

அந்நேரம் ஒரு வயதான டெனிஷ் அம்மா, வெறும் காலுறையுடன், திருப்தியாக வெளியே வந்தார். கிர்ஸ்டனின் கையைப் பிடித்துச் சொன்னார்: “ஒல்லாந்தர் சுத்தமான மனிதர்கள் என்று என் தாயார் எப்போதும் சொல்லுவார்.”

மஞ்சள் வீடு

துறைமுகப் பக்கம் மஞ்சள் வீடுகள் வரிசையாக இருக்கும். அழகானவை, ஆனால் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்பு நீராட்டு விழாவுக்கு, பட அல்பம் செய்ய ஒரு குடும்பம் மகளைப் பட்டுச்சேலையில் ஒரு கதவின் முன் நிறுத்தியது. கதவு திறந்தது. வெளியே வந்த கிழவரின் கையில் படப்பிடிப்பாளர் வெள்ளைக் குடையைக் கொடுத்து, வெளிச்சம் முகத்தில் விழும்படி பிடிக்கச் சொன்னார். அவரும் முக்கால் மணித்தியாலம் பிடித்தார். குடையைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் கேட்டார்: “விழாவுக்கு என்னையும் கூப்பிடுவீர்களா, அல்லது கதவு மட்டும் போதுமா?”

மேற்பார்வை

பன்னிரண்டாம் கிழமை கிர்ஸ்டன் குறிப்புப் புத்தகத்துடன் என் குழுவின் பின்னால் நடந்தார். ஜொப்சென்டருக்கு அவர் எழுதும் அன்றைய அறிக்கையில்தான் என் முதுகு தொங்கிக்கொண்டிருந்தது. வந்திருந்தது ஓகூஸ் நகரத்துத் தமிழ்ச் செபக்குழு. ஒரு முழு பஸ். தேவாலய வாசலில் நின்று, ஒல்லாந்தருக்கென்று தனி நீதிபதி இருந்ததைச் சொன்னேன்.

“எங்களுக்கும் அப்பிடி ஒராள் இருந்தால் நல்லம்,” என்றார் ஒருவர்.

“ஆர்? நீங்களோ?” என்றார் பக்கத்தில் நின்றவர்.

“ஏன், நான் இருந்தால் என்ன?”

“பாட்டுக்குழுச் சண்டைக்கே ஞாயம் சொல்லத் தெரியாது. நீதிபதியாம்!”

அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் பஸ்ஸின் வலப்பக்கத்தில் இருந்தவர்கள் இடப்பக்கத்தில் இருந்தவர்களோடு ஒரே பஸ்ஸில் திரும்பிப் போக ஏலாது என்று சொல்லிவிட்டார்கள். கிர்ஸ்டன் என் தோளைத் தொட்டு, என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒல்லாந்தரின் தன்னாட்சி பற்றி விவாதிக்கிறார்கள் என்றேன். அது பொய்யல்ல. அவர் கண் விரியப் பார்த்துக்கொண்டு நின்றார். “பதினைந்து வருடத்தில் இந்த ஊரின் வரலாற்றுக்காக யாரும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.”

புதியவர்

அறிக்கை மிக நன்றாக இருந்தது. அதனால் எனக்கு இனிப் பயிற்சி தேவையில்லை என்று ஜொப்சென்டர் முடிவெடுத்தது. அருங்காட்சியகத்தில் சம்பள இடம் காலியில்லாததால், அடுத்த திங்கட்கிழமை விமான நிலையத்துக்குப் போகும்படி கடிதம் வந்தது. என் இடத்துக்கு அவர்கள் அனுப்பியது வில்லெம் என்ற உண்மையான ஒல்லாந்துக்காரரை.

அதற்கு முதல் வெள்ளி பின்னேரம் கிர்ஸ்டன் தொலைபேசியில் அழைத்தார். இப்படி ஓர் ஊர் இருப்பதே வில்லெமுக்கு அன்றுதான் தெரியுமாம். வந்தவர்களிடம் அவர் கேள்வி கேட்டுக்கொண்டு திரிகிறாராம். மேலிடத்தில் பேசி ஒரு வேலை உண்டாக்கியிருக்கிறேன், நிரந்தரமானது, வந்து இவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். முதுகை நேராக்கிக்கொண்டு ஓம் என்றேன்.

திங்கட்கிழமை வில்லெமைப் பண்ணைவீட்டுக்குள் கூட்டிப் போனேன். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல மனிதர். பழைய உடுப்புகளையும் குடும்பப் படங்களையும் நின்று நிதானமாகப் பார்த்தார். கடைசியில், இந்த நாட்டில் நான் வேலை செய்த இடமெல்லாம் என்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை, அதே அன்பான குரலில், தன் சொந்த ஆட்களைப் பற்றி என்னிடம் கேட்டார்: “எல்லாம் சரி, இவர்கள் ஏன் திரும்பிப் போகவில்லை?”

பதில் தெரியாத கேள்வி வரும்போது எல்லோரையும் அடுத்த அறைக்குக் கூட்டிப் போகத் தெரிந்தவனைத்தான் வழிகாட்டி என்கிறார்கள்.