ஒன்பதாம் நம்பருக்கு வேண்டியவர்

மாட்டுக் கொட்டகையின் மூலைக்காலைச் சுப்பராயன் நடுவிரல் முட்டியால் தட்டினார். காதை அருகில் கொண்டுபோய் மறுபடியும் தட்டினார். பிறகு சட்டைப் பையிலிருந்து தையல் சாக்கட்டியை எடுத்து, துருவை நகத்தால் சுரண்டிவிட்டு, இரும்பின் மேல் பரபரவென்று தேய்த்தார். இரும்பில் குத்தியிருந்த ஓர் இரண்டும் ஓர் ஐந்தும் வெள்ளையாக எழுந்து வந்தன.

“ரெண்டாம் நம்பரு. அஞ்சாவது துண்டு” என்றார், பால் கறந்துகொண்டிருந்த கொட்டகைக்காரரிடம். “எங்க கொண்டாந்து நட்டாலும் எனக்குத் தெரியாம போயிடுமா?”

கொட்டகைக்காரருக்கு அது எடைக்கு வாங்கின பழைய இரும்பு. மாடு உரசினாலும் சாயாது, அதற்குமேல் அவருக்கு அதில் அக்கறை கிடையாது. “மாடு மெரளுது டெய்லரே, அந்தாண்ட போங்க” என்றார். சுப்பராயன் கோபித்துக்கொள்ளவில்லை. அடியில் கோமியம் தேங்காமல் கொஞ்சம் மண் அணைத்து வைக்கச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் நம்பர் கோபுரத்தின் மிச்சத் துண்டுகள் இன்னும் நான்கு வீடுகளில் இருந்தன. எல்லாவற்றையும் நலம் விசாரித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும்.

சுப்பராயனுக்கு ஐம்பத்திரண்டு வயது. ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டித் தையல்கடை, கடைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. பிரெஞ்சுக்காரர் நாளில் மேரியில், அதாவது நகராட்சியில், உத்தியோகம் பார்த்த குமாஸ்தாக்களில் பாதிப்பேர் இவர் தைத்த பந்தலோனைத்தான் போட்டுக்கொண்டு போனார்கள். ஐம்பத்துநாலில் பிரெஞ்சுக்காரர் போன பிறகு அந்தக் கால்சட்டைக்காரர்கள் குறைந்துபோய், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அரைக்கால் சட்டையும் தலையணை உறையும்தான் அதிகம் வருகின்றன. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் எங்காவது மின்சாரக் கோபுரம் ஏறுகிறது, அல்லது இறங்குகிறது என்று காதில் விழுந்தால் போதும், உங்கள் தீபாவளிச் சட்டை பொங்கலுக்குத்தான்.

ஐம்பத்தாறில் விழுப்புரம் பக்கமிருந்து புதிய மின்பாதை வந்தபோது கடை ஒரு மாதம் சாத்திக் கிடந்தது. குழி தோண்டும் நாள் முதல் பீங்கான் தட்டுகளைக் கோத்துத் தொங்கவிடும் நாள் வரைக்கும் வரப்பில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கோபுரத்துக்கு நாலு கால் ஊன்றி, காரை போடும் சமயம், இவர் சும்மா இருக்க முடியாமல் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து மூலைக்கு மூலை அளந்தார். ஒரு குறுக்குக்கும் மறு குறுக்குக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சந்தேகம் வந்து தம்முடைய இரும்பு நாடாவால் அளந்தார். சிரிப்பு நின்றுவிட்டது. “குறுக்களவு தப்புனா சட்டையே ஒரு பக்கம் இழுக்கும் சார், இது எம்மாம் பெருசு” என்றாராம் சுப்பராயன். அன்றைக்கு அந்த ஆட்கள் அவருக்கு ஒரு தம்ளர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். டீ ஆறிப்போயிருந்தது என்பது வரை அவருக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பழைய பாதை ஒன்று உண்டு. ஒரு நூல் ஆலைக்காகப் பிரெஞ்சுக்காரர் நாளில் நட்டது, மொத்தம் பதினோரு கோபுரம். புதியவற்றின் இடுப்புக்குத்தான் வரும். அதில் ஒன்பதாம் நம்பர் சுப்பராயனின் வீட்டுக்குப் பின்னால், வயலுக்கு நடுவே நின்றது.

மனைவி செல்வாம்பாள் காலமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. ஒரே தம்பி சைகோனுக்குப் பட்டாளத்தில் போனவன், அப்படியே பிரான்சுக்குப் போய்விட்டான். வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்துகொண்டிருந்தது, இப்போது அதுவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் சுப்பராயன் பக்கத்துக்கடை ஆயம்மாவிடம் நாலு இட்லியை வாழை இலையில் கட்டி வாங்கிக்கொண்டு வயலில் இறங்குவார். ஒன்பதாம் நம்பரின் காரை அடித்தளத்தில் உட்கார்ந்துதான் சாப்பாடு. ஏன் என்று கேட்டால், “அங்கதான் காத்து வருது” என்பார். காற்று சாலையிலும்தான் வருகிறது. வீட்டுக்குள் தனியே உட்கார்ந்து சாப்பிட்டால் தான் மெல்லும் சத்தம் தனக்கே கேட்கிறது, அதுதான் உண்மையான காரணம். இதை அவர் ஒரே ஒரு தடவை ஆயம்மாவிடம் சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டு, இரண்டு நாள் இட்லி வாங்க வராமல் இருந்தார். கோபுரத்தடியில் அந்தக் கஷ்டம் இல்லை. மின்சாரம் ஓடின காலத்தில் கம்பி ஙொய்யென்று பேசிக்கொண்டே இருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைச் சுருட்டிக்கொண்டு போன பிறகும், காற்றடித்தால் இரும்புச் சட்டங்களுக்குள் ஏதோ ஒரு சத்தம் இருந்துகொண்டே இருந்தது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

போன ஆவணியில் பழைய கோபுரங்களை இறக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. சுப்பராயன் இரண்டு நாள் மிஷின் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மின்சார ஓவர்சியர் ராமலிங்கத்தைப் பார்க்கப் போனார். ராமலிங்கம் சின்ன வயசுக்காரர், சிடுசிடுப்பானாலும் நல்ல மனுஷன்.

“ஒம்போது, பத்து, பதினொண்ணு மூணும் நிக்கும்யா. தண்ணி பம்புக்கு அதுலதான் புதுக்கம்பி இழுக்கப் போறோம். எறக்க வேண்டியதுக்கு மட்டும் நாலு கால்லயும் செகப்பு அடிக்கச் சொல்லியிருக்கேன். உம்மோடதுக்கு அடிக்க மாட்டாங்க, போய்ப் படுத்துத் தூங்கும்.”

அதைக் கேட்டபிறகுதான் சுப்பராயனுக்கு உயிர் வந்தது. ஒன்று முதல் எட்டு வரையிலான கோபுரக் கால்களில் சிவப்புச் சாயம் ஏறியதை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். ஒன்பதின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். மற்றவை இறங்கியபோது கூடவே நின்றார். ஏற்றுவதற்கு நேர்தலைகீழ் அது. உச்சியில் தொடங்கித் துண்டு துண்டாய்க் கழற்றிக் கயிற்றில் இறக்குவார்கள். “ஏத்தும்போது தேங்கா ஒடச்சீங்க, எறக்கும்போது ஒரு கல்பூரம்கூட இல்லியே” என்று அப்போதிருந்த மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனார். மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக் காட்டி, “இந்தா, கொளுத்திட்டேன்” என்றான். துண்டுகள் யார் யார் வீட்டுக்குப் போகின்றன என்று விசாரித்து வைத்துக்கொண்டுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நலம் விசாரிப்பு தொடங்கியது.

ஆயுத பூஜை வந்தது. மிஷினுக்கும் கத்தரிக்கும் பொட்டு வைத்த கையோடு ஒன்பதாம் நம்பருக்கும் வைப்பது அவர் வழக்கம். ஐப்பசி மழையில் அது கரைந்துவிடும். இந்த வருஷம் கரையக் கூடாது என்று நினைத்தார். எட்டுப் பேர் போகிற வேளையில் இது ஒன்று நிற்கிறதே, கண் பட்டுவிட்டால்? குங்குமத்தில் காவிப்பொடியைக் கலந்து, விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, நாலு காலிலும் உள்ளங்கை அகலத்துக்கு அழுத்திப் பூசினார்.

“பொண்டாட்டிக்குக்கூட இம்மாம் பெரிய பொட்டு வெச்சிருக்க மாட்டீங்க அண்ணே” என்றாள் ஆயம்மா.

“அவளுக்கு நானா வெச்சேன், அவளே வெச்சுக்குவா” என்று சிரித்தார் சுப்பராயன்.

படிக்கிற உங்களுக்கு இது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை. ஓவர்சியர் சிவப்பு என்று சொன்னது காதில் விழுந்ததுதான். ஆனால் அது சாயம், இது குங்குமம். சாமிக்கு வைப்பதும் சர்க்கார் அடிப்பதும் ஒன்றாகிவிடும் என்று எந்த மனுஷனுக்குத் தோன்றும்?

தீபாவளிக்கு ஊருக்குப் போன பழைய மேஸ்திரி திரும்பி வரவில்லை. பண்ருட்டிப் பக்கமிருந்து மண்ணாங்கட்டி என்கிற புது மேஸ்திரி எட்டு ஆட்களோடு வந்து எட்டாம் நம்பரை இரண்டே நாளில் இறக்கினான். அந்த இரும்பு கடலூர் வியாபாரிக்குப் போகிறது என்றார்கள். துண்டு போடும் இடத்தை இதுவரை கண்ணால் பார்த்ததில்லையே என்று சுப்பராயனும் லாரியில் தொற்றிக்கொண்டார். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாலத்துக்கு மேல் தண்ணீர், பஸ் இல்லை. இரும்புக் கிடங்கின் தாழ்வாரத்தில் இரண்டு நாள் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் காலை பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினார்.

இறங்கியதும் அண்ணாந்து பார்த்தார். தென்னைகளுக்கு மேலே தெரிய வேண்டிய உச்சியைக் காணோம். கையிலிருந்த பையை ஆயம்மாவின் கடைவாசலில் போட்டுவிட்டுச் சேற்றில் ஓடினார். ஒன்பதாம் நம்பர் இடுப்புக்கு மேலே இல்லை.

அவருக்கு முன்னால் ஓவர்சியர் வந்து சேர்ந்திருந்தார். கத்திக்கொண்டிருந்தார். “லிஸ்டுல பேரு இல்லாததுல யாரக் கேட்டுய்யா கைய வெச்ச? நாளைக்கே ஒம்பது பேரும் மூட்டையக் கட்டுங்க.”

மேஸ்திரி மண்ணாங்கட்டி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான். “நமக்குப் படிக்கத் தெரியாது சாமி. செகப்பு இருந்தா எறக்குன்னாங்க. நாலு கால்லயும் இருந்துச்சு, எறக்கினேன். பொய்யின்னா நீங்களே பாருங்க.” குனிந்து காலில் இருந்த சிவப்பை விரலால் தேய்த்தான். முகர்ந்து பார்த்தான். மறுபடியும் முகர்ந்தான். “இது பெயிண்டு இல்ல சாமி. வெளக்கெண்ண வாசன வருது.”

சுப்பராயனுக்கு அப்போதுதான் விளங்கியது. காது இரண்டும் சூடாகிவிட்டன. பூசினது யாரென்று ஆயம்மா ஒருத்திக்குத்தான் தெரியும், அவள் வாயைத் திறக்கமாட்டாள். வந்த வழியே திரும்பிப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஒன்பது பேரும் ஈரத் துணியோடு வரிசையாய் நின்றிருந்தார்கள். அதில் ஒருவன் சாப்பாட்டுத் தூக்கைக் கூடத் திறந்திருக்கவில்லை.

“நான்தான் சார். ஆயுத பூசைக்கு வெச்சது.”

ராமலிங்கம் திரும்பினார். “யோவ், இரும்புக் கம்பத்துக்கு என்னய்யா பூச? அது உமக்கு என்னா வேணும்?”

மாமனா மச்சானா என்று கேட்கிற கேள்வி. சுப்பராயன் வயலைப் பார்த்தார், கோபுரத்தின் மிச்சத்தைப் பார்த்தார். “எனக்கு வேற யாரு சார் இருக்காங்க?” என்றார். ஒரு தையல்காரர், தலை நரைத்தவர், ஒன்பது கூலிக்காரர்களுக்கு முன்னால் தோள்துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஓவர்சியர் குடையை விரித்தார், மடக்கினார். மழை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

“திருப்பி ஏத்திட முடியாதா சார்?”

“மேல் துண்டெல்லாம் விடியக்காலமே லாரில போயிடுச்சு. பாதியா நின்னா அடுத்த காத்துக்குச் சாஞ்சிடும்.” ராமலிங்கம் சுப்பராயனைப் பார்க்காமல் மேஸ்திரியைப் பார்த்துச் சொன்னார். “மிச்சத்தையும் எறக்கிடு. இங்க ஒரு கம்பத்த நட்டுக்கலாம். உங்க மேல தப்பு இல்லேன்னு நான் எழுதிக்கிறேன்.” சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரப்பில் நடந்தார்.

வேலை மறுபடி தொடங்கியது. வழக்கமாக ஒவ்வொரு துண்டுக்கும் ஏலேலம் பாடுகிற ஆட்கள் அன்று பாட்டில்லாமல் இறக்கினார்கள். சுப்பராயன் போகவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. ஆயம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பொட்டலம் வரப்பில் அவர் பக்கத்தில் பிரிக்காமல் இருந்தது. மூன்று மணி வாக்கில் மூன்று கால் போய்விட்டது. நாலாவது காலுக்கு மேல் மூங்கில் முக்காலி நிறுத்தி, கப்பி மாட்டி, கயிறு கட்டியாயிற்று. கயிற்றுமுனையைப் பிடிக்க மூன்று பேர் வந்தார்கள். மண்ணாங்கட்டி கையைக் காட்டி அவர்களை நிறுத்தினான்.

“டெய்லரே, இங்க வாங்க” என்று கூப்பிட்டான். “உங்க கைதான் மொதல்ல இருக்கணும்.”

சுப்பராயன் எழுந்து வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்னால் நின்றார். மற்ற மூவரும் அவருக்குப் பின்னால் பிடித்துக்கொண்டார்கள். மேஸ்திரி கடைசி நட்டைக் கழற்றினான். பாரம் சட்டென்று கயிற்றில் ஏறியது. “கொஞ்சம் கொஞ்சமா வுடுங்க” என்றான் மேஸ்திரி. சுப்பராயன் விரல் விரலாக விட்டார். இரும்பு சாய்ந்து, சுற்றி, சேற்றில் சத்தமில்லாமல் படுத்தது.

ஆட்கள் முடிச்சை அவிழ்த்தார்கள். நாலு பேர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு சாலையில் நின்ற லாரியைப் பார்த்து நடந்தார்கள். பின்னால் பிடித்திருந்தவர்களும் கையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள்.

“எறங்கிடுச்சு டெய்லரே, வுட்டுடுங்க” என்றான் மண்ணாங்கட்டி.

கயிற்றின் அந்த முனை சேற்றில் கிடந்தது. சுப்பராயன் கால்களை அகட்டி ஊன்றி, இந்த முனையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார்.