ஏறாத சீட்டுகள்

எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லிவிடுவேன், சிலதை மறந்தும் போயிருப்பேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

எங்கள் ஊர் சேலத்துக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கிறது. ரயில் நிற்கும், ஆனால் ஸ்டேஷன் என்று பெரிதாகச் சொல்ல முடியாது. ஒரு மேடை, ஒரு வேப்பமரம், கூண்டு மாதிரி ஒரு அறை, அவ்வளவுதான். அந்த அறையில் சீட்டுக் கொடுக்கிறவர் ரயில்வே ஆள் இல்லை, கமிஷனுக்கு விற்கிற ஏஜெண்ட். காலையில் சேலம் போகிற பாசஞ்சர் ஒரு நிமிஷம் நிற்கும். சாயங்காலம் திரும்பி வரும்போது ஒரு நிமிஷம்.

அந்த இரண்டு நிமிஷத்தை நம்பித்தான் என் வீட்டுக்காரர் இருக்கிறார். அவருக்குக் கிட்னி போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் சேலம் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். பஸ் என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும். போகும்போது சமாளித்துவிடுவார். வரும்போது பிழிந்துபோட்ட துணி மாதிரி இருப்பார். ரயிலில் நீளப் பலகை காலியாகக் கிடக்கும், காலை நீட்டிப் படுத்துக்கொள்வார். நான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்து ஊர் வந்ததும் எழுப்புவேன்.

ஒருநாள் ஏஜெண்ட் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். “இங்க சீட்டே விக்கறதில்லைன்னு மேல கேக்கறாங்க. இப்படியே போனா வண்டி நிக்காதுங்கம்மா.”

சீட்டு ஏன் விற்கவில்லை என்று எனக்குத் தெரியும். நாங்கள் யாரும் வாங்குவதில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எத்தனையோ வருஷமாக எங்கள் ஊர்ச்சனம் சும்மாதான் ஏறி இறங்கும். கேட்க ஆள் கிடையாது. ஆம்பளைகள் நடுவில் சீட்டு ஜன்னல் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சம் என்று நானே எனக்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அவர் உடம்புக்கு முடியாமல் போன பிறகும் அப்படித்தான் போய்வந்தோம்.

விஷயம் ஊருக்குள் பரவியதும் என் நாத்தனார் முறை ஆகிறவள், பக்கத்துக் காட்டுக்காரி, வாசலுக்கு வந்துவிட்டாள். நான் அவளை நங்கை என்று கூப்பிடுவேன், அவளும் என்னை அப்படித்தான். வாய் ஓயாது.

“ஏனுங்க நங்கை, அண்ணனைப் பஸ்ஸுல போட்டு உருட்டவா போறீங்க? ஊட்டுக்கு ஊடு மொறை வெச்சுச் சீட்டு வாங்கிருவோம். போனா என்ன, போகாட்டி என்ன? சீட்டு வித்தாச் செரி.”

மறுநாளிலிருந்து அப்படியே ஆயிற்று. காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வருகிற பெண்கள் ஜன்னல் முன்னால் வரிசையாக நிற்பார்கள். சீட்டை வாங்குவார்கள், திரும்பிக் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஏஜெண்டுக்குச் சிரிப்பு.

“நாலு பேருக்கும் ஒரே சீட்டா அடிச்சுத் தாரேங்க. காயிதம் மிச்சமாகுமில்ல?”

“அதெல்லாம் வேண்டாங்க. தனித்தனியாக் குடுங்க” என்றாள் நங்கை. “கத்தையா இருந்தாத்தான் மேல இருக்கறவிய கண்ணுக்குத் தெரியும்.”

“காயிதத்தை எண்ண மாட்டாங்கம்மா, தலையைத்தான் எண்ணுவாங்க. நாலு பேருன்னு அதுலயே விழுமே!”

“உங்க மிசினுக்கு அது தெரியுமுங்க. எங்களுக்குத் தெரியோணுமில்ல?”

எனக்கும் அன்றைக்கு நங்கை சொன்னதுதான் சரி என்று பட்டது. என் முறை வந்த அன்று நானும் தனித்தனியாகத்தான் கேட்டு வாங்கினேன்.

வாங்கிய சீட்டை என்ன செய்வது? மேடையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். காற்றில் பறந்து பக்கத்தில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்ட காட்டில் போய் விழும். கிழங்குச் செடி ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாகக் கிடக்கும். காட்டுக்காரர் கத்துவார். ஒருநாள் வண்டி வரும்வரை உட்கார்ந்து கொஞ்சம் பொறுக்கினேன். வெயிலில் எழுத்தெல்லாம் அழிந்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு என்றே தெரியவில்லை. அடுப்புப் பற்றவைக்கலாம் என்று கொண்டுபோனேன், ஒரு மாதிரி நாற்றம் அடித்தது. பிறகு அதையும் விட்டுவிட்டேன். இத்தனை காகிதம் வீணாகிறதே என்று மனசு உறுத்தும். வெள்ளிக்கிழமை வண்டி நின்றதும் அந்த உறுத்தல் போய்விடும்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை, ரயில்வே அதிகாரி ஒருவர் வந்து மேடையில் நின்றார். சீட்டு விற்றதை எழுதிக்கொண்டார். வண்டி வந்தது. ஏற நின்றது நாங்கள் ஒன்பது பேர்தான். அவரும் எங்களோடு ஏறிக்கொண்டார்.

“இத்தனை சீட்டு வித்திருக்குது. மத்தவங்க எல்லாம் எங்கம்மா?” என்று நங்கையைக் கேட்டார். அன்றைக்கு அவள் தறிக்கு நூல் வாங்கச் சேலம் வந்துகொண்டிருந்தாள்.

“மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்காங்க சார்.”

“சீட்டு வாங்கிட்டா?”

“மாடு கத்துச்சுங்க.”

பெட்டியில் எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “நீங்க சொல்லுங்கம்மா” என்றார். வெளியாளோடு நான் பேசியதே குறைவு. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் என் கையைத் தொட்டு, “சொல்லு புள்ள, ஒளிச்சு என்ன ஆகப்போவுது” என்றார்.

“முன்னெல்லாம் நாங்க சீட்டு வாங்காமத்தான் போவோமுங்க” என்றேன். “அப்ப வண்டியில ஆளு இருந்துச்சு, சீட்டு இல்லீங்க. இப்பச் சீட்டு வாங்கறோம், ஆளு இல்லீங்க. வண்டி இங்க நிக்காமப் போச்சுன்னா இவரைக் கொண்டாற எனக்கு வேற வழி தெரியலீங்க.”

நங்கை என்னை முறைத்தாள். அதிகாரி எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “வித்த கணக்கைப் பாத்து நாங்க ஒருதரம் நம்பலாம். வண்டியில வந்து பாத்தா எல்லாந் தெரிஞ்சுரும். சீட்டு வாங்கறவங்க ஏறுங்கம்மா. மூணு மாசங் கழிச்சு மறுபடி வருவேன்.”

அன்று ராத்திரி முழுக்க நங்கை என்னோடு பேசவில்லை. விடிந்ததும் அவளே ஊரைக் கூட்டிவிட்டாள். முறை வருகிறவர்கள் இனிமேல் ஏறியே ஆக வேண்டும். தேங்காய், கீரை, தறித்துணி என்று பஸ்ஸில் கொண்டுபோனதெல்லாம் ரயிலுக்கு மாறியது. வேலை இல்லாதவர்கள் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிக் கோயிலுக்குப் போய்விட்டு நடந்து வந்தார்கள். மேடையில் காகிதம் கிடப்பது நின்றது.

அதற்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம், டயாலிசிஸ் முடிந்து சேலத்தில் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினேன். பெட்டி நிறையச் சனம். காலிக் கூடைகள், மூட்டைகள், எங்கள் ஊர்ப் பேச்சு. அவர் படுக்கிற பலகையில் ஐந்து பேர். நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப்போய்த்தான் இந்தச் சனமெல்லாம் ஏறியிருக்கிறது என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நங்கை கூடையோடு எழுந்தாள். “அண்ணா, நீங்க படுங்க. ஏம்புள்ளைகளா, எந்திரிங்க. கீழ உக்காந்தாத் தேஞ்சா போயிருவோம்?”

அவர் தலையை ஆட்டினார். ஜன்னல் ஓரம் ஒருவர் உட்காருகிற இடத்தில் சாய்ந்துகொண்டார். “மொதல்ல நம்மூர்ல வண்டி நிக்கறது உறுதியாகட்டும் ஆத்தா. பொறகு நான் படுக்கறேன்” என்றார். ஊர் வரும்வரை என் தோளில் தலை இருந்தது. வலியில் முனகினார், ஆனால் படுக்கவில்லை. இப்போது பாதி வழி தாண்டியதும் சனம் விடுகிற இடத்தில் படுத்துக்கொள்கிறார், முழங்காலை மடக்கி.

அதிகாரி இன்னும் வரவில்லை. அவர் மூன்று மாதம் என்றாரா, ஆறு மாதம் என்றாரா என்பதில் எனக்கும் நங்கைக்கும் சண்டை. போனில் எடுக்கிற சீட்டுக்குக் காகிதமே வேண்டாமாம், ஆனால் அது எங்கள் ஊர்க் கணக்கில் ஏறுமா என்று ஏஜெண்டுக்கும் உறுதியாகத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது இந்த இரண்டையும் விசாரித்து, நான் எழுதியதில் தப்பிருந்தால் திருத்திச் சொல்லுங்கள். அதுவரை செவ்வாயும் வெள்ளியும் நான் ஜன்னலில் நின்று காகிதத்திலேயே வாங்குகிறேன், எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சேர்த்து ஒரே சீட்டாக.